பந்து விழுந்த இடம்

குகனேஸ்வரி டென்னிஸ் பார்த்ததெல்லாம் இத்தாலியின் பலெர்மோவில், லிபெர்த்தா வீதியில் அவள் பராமரிக்கும் வயதான சிஞ்ஞோரா அம்மாவின் டிவியில்தான். அதுவும் சிஞ்ஞோரா கண்ணயரும்வரை. பதினைந்து, முப்பது, நாற்பது என்று எண்ணத் தெரியாதவர்கள் எண்ணுவதுபோல எண்ணுகிறார்களே என்று அந்த ஆட்டத்தின்மேல் அவளுக்கு மரியாதையும் கிடையாது.

ஆனால் பாரிஸில் அவளுடைய அண்ணன் கோபாலசிங்கத்தின் வீடு அந்த ஆட்டத்தால்தான் இயங்கியது. மகள் துஷாந்திக்கு ஆறு வயதாக இருக்கும்போது யாரோ ஒரு பயிற்சியாளர் பிள்ளைக்குக் கை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். மகளை மைதானம் மைதானமாகக் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகவே அண்ணன் இரவு வேலைக்கு மாறினார். மனைவியின் செத்தவீட்டுக்கு வந்தவர்களிடம்கூட மகளின் தரவரிசையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களும் பாவம், தலையாட்டினார்கள்.

பதினேழு வயதில் அவளை பிரான்ஸின் நம்பிக்கை என்று ஒரு பத்திரிகை எழுதியது. அந்த நம்பிக்கை உலகத்தில் நூற்றெண்பத்தாறாம் இடம்வரை ஏறியது. பாரிஸின் பெரிய போட்டியில் ஒருமுறை, முதல் சுற்றில், வெயில் ஏறுமுன்னே தோற்று வெளியே வந்தது. பிறகு முழங்கால் போனது. இப்போது வயது முப்பத்தொன்று, இடம் ஐந்நூறுக்கு அப்பால். துனிசியா, துருக்கி, ருமேனியா என்று ஒருவரும் பார்க்க வராத களங்களில் தன் பந்தைத் தானே பொறுக்கி ஆடிக்கொண்டிருந்தாள். மலிவு விடுதிகளில் தனியே தூங்கினாள்.

பலெர்மோப் போட்டிதான் கடைசி என்று கோபாலசிங்கம் ஒருவழியாகச் சொல்லியிருந்தார். தகுதிச் சுற்றைத் தாண்டிப் பிரதான சுற்றுக்குள் போனால் இன்னும் ஒரு வருடம் ஆடுவது. போகாவிட்டால் விட்டுவிடுவது. அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

துஷாந்தி பல்லரோ சந்தைக்குப் பின்னால் இருந்த மாமியின் வீட்டில் வந்து தங்கினாள். முதல் ஆட்டத்தை வென்றாள். இன்னும் ஒன்றை வென்றால் பிரதான சுற்று. அன்று மாலை குகனேஸ்வரி வெண்டிக்காய் பொரிக்க, மருமகள் உறைந்த பட்டாணிப் பை ஒன்றை முழங்காலில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். நீ வென்றால் சாந்தா ரொசாலியா மாதாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுவதாக நேர்ந்திருக்கிறேன் என்று மாமி பெருமையாகச் சொன்னாள். பலெர்மோத் தமிழருக்குச் சைவம், கிறிஸ்தவம் என்ற பேதமில்லாத மலை அது.

"வெல்ல வேணுமெண்டு கேக்காதேங்கோ மாமி," என்றாள் துஷாந்தி. "எனக்கு நல்லது நடக்க வேணுமெண்டு கேளுங்கோ."

இரண்டும் ஒன்றுதானே என்று குகனேஸ்வரி நினைத்தாள். வெண்டிக்காய் கருகப் பார்த்ததால் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

மறுநாள் சிஞ்ஞோராவின் மகளிடம் அரைநாள் லீவு கேட்டு, பக்கத்து வீட்டு மொனிகாவையும் இழுத்துக்கொண்டு களத்துக்குப் போனாள். எதிரே ஆடியது பதினெட்டு வயது இத்தாலியப் பெண். அவளுக்குக் கைதட்ட குடும்பமே வந்திருந்தது. பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்க்கத் தனி ஆட்கள் இல்லாத சின்னப் போட்டி. உயரக் கதிரையில் ஒரே ஒரு நடுவர். களம் செம்மண். பந்து கோட்டைத் தொட்டாலே உள்ளேதான், விழுந்த இடத்தில் தடம் பதியும், சந்தேகம் வந்தால் நடுவர் இறங்கி வந்து அந்தத் தடத்தைப் பார்ப்பார் என்று மொனிகாவுக்கு அவளுடைய பேரன் சொல்லி அனுப்பியிருந்தான்.

கடைசியான மூன்றாவது செட்டில், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் துஷாந்திக்கு வெற்றி என்ற கட்டம் வந்தது. இத்தாலியப் பெண் ஓங்கி அடித்த பந்து துஷாந்தியைத் தாண்டிப் போய், பக்கத்துக் கோட்டோரம் விழுந்தது. நடுவர் வெளியே என்று கத்தினார். அவ்வளவுதான், வென்றாயிற்று.

யாழ்ப்பாணத்தில் விளையாட்டுப் போட்டி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் என்ன செய்வதென்று சொல்லித்தர வேண்டியதில்லை. வென்றவரை ஓடிப்போய்த் தூக்க வேண்டும். குகனேஸ்வரி பக்கத்து வாசலைத் தள்ளிக்கொண்டு, செருப்பை மட்டும் மரியாதையாகக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். துஷாந்தி துள்ளவில்லை, சிரிக்கவில்லை. பந்து விழுந்த இடத்தையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மாமியும் பார்த்தாள். வெள்ளைக் கோட்டுக்கும் தடத்துக்கும் இடையே ஒரு விரல் அகலத்துக்குச் செம்மண் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது. பிறகு மருமகளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

எதிர்ப்பக்கப் பெண் அழாக்குறையாக வந்து தடத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்டாள். நடுவர் இறங்கி வந்தார். அங்கே இருந்ததெல்லாம் குகனேஸ்வரியின் கால்விரல் தடங்கள்தான். நடுவர் அவளைப் பிடிபிடியென்று பிடித்தார். நாலு பேர் பார்க்க ஒரு பொம்பிளையை இப்படி ஏசலாமா என்று அவள் தமிழில் முணுமுணுத்தாள். கடைசியில் அவர், தடம் அழிந்துபோனதால் முதலில் சொன்னதுதான் முடிவு, வென்றது துஷாந்திதான் என்றார். குகனேஸ்வரிக்கு உயிர் வந்தது.

அப்போது துஷாந்தி, தனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில், பந்து கோட்டில் விழுந்தது, நான் பார்த்தேன், புள்ளி அவளுக்கு என்றாள்.

குகனேஸ்வரி வாயைத் திறந்தாள். துஷாந்தி அவளைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை குழந்தையாக இருந்தபோதுகூட எதற்கும் கெஞ்சி அவள் கண்டதில்லை. இப்போது கண் கெஞ்சியது. குகனேஸ்வரி வாயை மூடிக்கொண்டு, செருப்போடு திரும்பிப்போய் இருக்கையில் உட்கார்ந்தாள். ஏனடி உள்ளே போனாய் என்று மொனிகா நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு இத்தாலியப் பெண்ணின் கை ஓங்கியது. துஷாந்தி அப்போதும் ஒரு பந்தையும் விடாமல் நொண்டி நொண்டி ஓடினாள், ஓடித் தோற்றாள். நடுவரே அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். எதிர்ப்பக்கக் குடும்பம் எழுந்து நின்று கைதட்டியது. குகனேஸ்வரி மட்டும் எழும்பவில்லை.

மொனிகா பஸ்ஸுக்குப் போய்விட்டாள். களத்துக்கு வெளியே ஒரு வாங்கில் மாமியும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். துஷாந்தியின் போன் அடித்தது. அப்பா என்று தெரிந்தும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"ஏன் பிள்ளை?" என்றாள் குகனேஸ்வரி.

"வேணுமெண்டு தோக்க என்ரை கைக்குத் தெரியாது மாமி. எத்தினையோ தரம் நினைச்சுக்கொண்டுதான் இறங்கினனான். பந்து வந்தா அது அடிச்சுப்போடும்." அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "இந்த ஒரு பந்துக்குத்தான் கை தேவைப்படேல்லை. வாய் போதுமா இருந்தது."

"அப்பாவிட்டைச் சொல்லியிருக்கலாமே, இனி விளையாட ஏலாதெண்டு."

"சொன்னா செத்துப்போவார். தோத்தா அழுவார், அவ்வளவுதான்."

இப்போது குகனேஸ்வரியின் போன் அடித்தது. தகப்பன் இல்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்தவர் கோபாலசிங்கம். அவளை ஐரோப்பாவுக்கு எடுத்துவிட்டவரும் அவர்தான். அவரிடம் அவள் இதுவரை ஒரு பொய்யும் சொன்னதில்லை. மருமகளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

போனில் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். வென்றதாகக் காட்டியதாம், பிறகு மாறிப்போனதாம். என்ன நடந்தது என்று கேட்டார். குகனேஸ்வரி தான் உள்ளே ஓடியதையும், நடுவர் சொன்னதையும், பிள்ளை சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நீ கிட்ட நிண்டனிதானே," என்றார் கோபாலசிங்கம். "உன்ரை கண்ணாலை கண்டதைச் சொல்லு. பந்து எங்கை விழுந்தது?"

துஷாந்தி துவாயை எடுத்து முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"கோட்டிலைதான் அண்ணை," என்றாள் குகனேஸ்வரி. "நான் கண்டனான்."

அண்ணன் அழுவது அவளுக்குக் கேட்டது. மனைவி செத்தபோது அழாத மனுசன்.

"அப்ப சரி," என்றார் கடைசியில். "முடிஞ்சுது. ஆக்கள் கேட்டா இதைச் சொல்லுவன். என்ரை பிள்ளை தோத்தது விளையாடத் தெரியாமல் இல்லை, பொய் சொல்லத் தெரியாமல் எண்டு."

துவாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அவருக்குக் கேட்டுவிடாமல் குகனேஸ்வரி போனை மறுபக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"ஓம் அண்ணை," என்றாள். "எல்லாருக்கும் சொல்லுங்கோ."