உச்சி போன எட்டு தேவதாருக்கள்

நர்சரியில் அவளுக்கு மிளகாய் என்றுதான் பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்ல நினைத்தவர்களும் அவள் கையிலிருக்கும் கத்தரியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டு நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தாள். வேலியோரம் தொட்டிகளில் நின்ற தேவதாருக்களைப் பார்த்ததும் பையை அப்படியே கீழே போட்டாள்.

எட்டு மரங்களுக்கு உச்சியே இல்லை. நூல் பிடித்தாற்போல ஒரே மட்டமாக நறுக்கியிருந்தது. வெட்டிய இடத்தில் பிசின்கூடக் காயவில்லை.

"எவன்டா இதைப் பண்ணினது?"

அவள் தம்பி தண்ணீர்க் குழாயோடு வந்தான். பாராட்டுக்குக் காத்திருக்கும் சிரிப்பு வேறு. "நான்தான்க்கா. எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நோஞ்சானாட்டம் நின்னுச்சு. இன்னிக்கு ஆஸ்பத்திரி இன்ஜினியர் வர்றாரு, லட்சணமா இருக்கட்டுமேன்னு..."

"தேவதாரு குருத்து தொங்கத்தான்டா செய்யும்! குனிஞ்சுக்கிட்டேதான் அது மேல போகும். நீ வெட்டினது முடியை இல்ல, தலையை! இனி ஆளுக்கொரு பக்கம் கிளை கிளம்பி, விளக்குமாறு மாதிரி நிக்கும்!"

அவள் போட்ட சத்தத்தில் உரம் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் சாக்கை விட்டுவிட்டு நழுவினார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்? ஏழு வருடம் வளர்த்தவை. முளைப்பதற்காக விதையை ஈர மணலில் பொதிந்து அவள் ஃப்ரிட்ஜில் வைத்திருந்த டப்பாவைச் சர்க்கரை என்று நினைத்து, காபியில் ஒரு கரண்டி போட்டுக் குடித்தவர் அவள் கணவர். அவருக்குத் தப்பியதில் பிழைத்தவை ஒன்பது. ஒன்பதையும் ஆஸ்பத்திரி வாசலுக்குக் கேட்டிருந்தார்கள், நேராக இருந்தால் மட்டும். இந்தப் பருவத்தில் மண்ணுக்குப் போகாவிட்டால் வேர் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி மரத்தையே நெரித்துவிடும்.

"ஒன்பதாவது எங்கடா?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால. ஏணி எட்டல."

ஏணிக்கு இருந்த அறிவு இவனுக்கு இல்லையே என்று திட்டிக்கொண்டே ஓடினாள். மரம் உச்சியோடு இருந்தது. குருத்து அழகாகக் குனிந்து நின்றது. இருவருமாக அதை இழுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். கீழே குனிந்த தம்பி அப்படியே நின்றான்.

முழங்கால் உயரத்தில் தண்டு பிதுங்கியிருந்தது. முட்டுக்கொம்போடு சேர்த்துக் கட்டிய கம்பி பட்டைக்குள் புதைந்து, ஒரு முனை மட்டும் வெளியே தெரிந்தது. கட்டியவள் அவள். வருடத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் தளர்த்த வேண்டியவளும் அவளே. நான் போட்ட கட்டுகளில் யாரும் கை வைக்கக் கூடாது என்று நர்சரி முழுக்கச் சத்தம் போட்டு வைத்திருந்தாள். இந்த ஒன்றை மட்டும் இரண்டு வருடமாக மறந்திருந்தாள்.

தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேசேன்டா! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"என்னத்த பேச? இன்ஜினியர் வந்துட்டாரு பாரு."

இன்ஜினியர் எட்டையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒன்பதாவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இது ஒண்ணு போதும்மா. மத்த எட்டை வேற நர்சரியில வாங்கிக்கறேன்."

தம்பி தரையைப் பார்த்தான். அடியில் ஒரு சாக்கைச் சுற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒன்றாவது விலைபோகும் என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது. அவளுக்குத் தன்மேலேயே வந்த ஆத்திரம் அவர்மேல் பாய்ந்தது.

"குனிஞ்சு பார்க்க மாட்டீங்களா சார்? உள்ள கம்பி வெட்டியிருக்கு. வளர்ந்து காத்துல முறிஞ்சா, கீழ உக்காந்திருக்கிற நோயாளி தலையிலதான் விழும். நான் கெடுத்த மரம் இது. தர மாட்டேன்."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து உச்சி போன மரங்கள் பக்கம் திரும்பினார். "சரி, அந்த எட்டுல என்ன கோளாறு? அதையும் இப்படியே சொல்லுங்க."

"உச்சி இல்ல. பக்கக் கிளை ஒண்ண நிமிர்த்தி மூங்கிலோட கட்டினா அதுவே உச்சியாயிடும். மூணு வருஷம் பார்க்கச் சகிக்காது. அப்புறம் நேரா போகும்."

"கட்டுறது யாரு?"

"நான்தான். வேற யாரு?"

"அப்ப எட்டையும் அனுப்புங்க."

அந்த வாரமே எட்டும் ஆஸ்பத்திரி வாசலில் மண்ணுக்குள் போயின. தம்பி ஏணியில் நின்று ஒவ்வொரு கிளையாக நிமிர்த்திப் பிடித்தான். அவள் இரண்டாவது ஏணியில் நின்று துணிநாடாவால் கட்டினாள். கட்டுக்கு ஒரு திட்டு என்று எட்டுத் திட்டு. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, இதுவரை யாரையும் தொடவிடாத கத்தரியை அவன் பக்கம் நீட்டினாள்.

"வருஷா வருஷம் வந்து நீதான் அவிழ்த்துக் கட்டணும். எனக்கு மறந்துடும்."

அவன் வாயைத் திறந்தான்.

"பேசாம வாங்குடா!"