அண்ணியின் பெயரில் ஒரு நாள்

வழிகாட்டிப் பெண் இரண்டாம் தடவையும் அண்ணியின் பெயரைக் கூப்பிட்டாள். துறைமுக வாசலில், நீலப் பேருந்தின் படியருகே நாற்பது பேர் நின்றிருந்தார்கள். கப்பலை விட்டு இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கால்களுக்குக் கீழே தரை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் நாக்கில் அண்ணியின் பெயர் நடுவில் ஒடிந்து, கடைசி எழுத்து காணாமல்போய், யாரோ முன்பின் தெரியாதவளின் பெயர்போல ஒலித்தது. யாரும் கை தூக்கவில்லை. எப்படித் தூக்குவார்கள், ஆள் போய் ஐந்து மாதம் ஆகிறது. மூன்றாம் தடவை கூப்பிட அவள் வாயெடுத்தபோது, அண்ணன் தன் தங்கையின் முழங்கையைப் பிடித்து மேலே தூக்கி, "யெஸ், யெஸ்" என்றார்.

வழிகாட்டிப் பெண் சிரித்துக்கொண்டே வந்து, வட்டமான ஒரு சீட்டைத் தங்கையின் சால்வையில் ஒட்டிவிட்டாள். முப்பத்தொன்று என்ற எண். அதன் கீழே அண்ணியின் பெயர்.

"என்னண்ணா இது? போனவங்க பேரை நெஞ்சுல ஒட்டிக்கிட்டுச் சுத்தச் சொல்றியா? நான் அவங்க இல்லன்னு சொல்லேன்."

"ஒரு நாள்தானே குட்டி. பேரை மாத்தணும்னா திரும்பக் கப்பலுக்குப் போகச் சொல்லுவா. அதுக்குள்ள பஸ் போயிடும். ஏறு, ஏறு."

ஐம்பத்தாறு வயதிலும் அவள் அண்ணனுக்குக் குட்டிதான். இந்தப் பயணம் முழுக்க அண்ணி போட்ட திட்டம். ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் ஒரு வருடத்துக்கு முன்பே ஏற்பாடு செய்துவிடும் குணம் அவளுக்கு. தனக்கும் கணவனுக்குமாகக் கப்பலில் இடம் பிடித்துவைத்துவிட்டு, கிளம்ப ஐந்து மாதம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தாள். அண்ணன் மகள்தான் போன் செய்தாள். "அத்தை, அப்பா ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறாரு. குழாயைக் கழட்டிக் கழட்டி மாட்டறாரு. தனியா அனுப்ப முடியாது, அனுப்பாம இருக்கவும் முடியாது. நீங்க கூடப் போங்களேன்." கப்பல் டிக்கெட்டில் அவளே பெயரை மாற்றியும் கொடுத்தாள். கரையில் இறங்கி ஊரையும் அந்த மண்ணுக்கே உரிய விலங்குகளையும் பார்த்துவரும் இந்த ஒரு நாள் சுற்றுலா மட்டும் தனிப் பதிவு. அதில் பழைய பெயர் அப்படியே தங்கிவிட்டது.

பேருந்து முதலில் ஒரு சதுக்கத்தில் நின்றது. நடுவில் குதிரைமேல் ஒரு தளபதி, அவர் தொப்பியின்மேல் ஒரு கடற்பறவை. வழிகாட்டிப் பெண் அவருடைய போர்களைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் பேருந்துக்குத் திரும்பிவிட்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, முழங்காலில் வைத்து விரித்தார். அண்ணியின் உருண்டை உருண்டையான கையெழுத்தில் ஆறு வரிகள். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும், பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுப்பதுபோல ஒரு சின்னக் கட்டம். முதல் கட்டத்தில் டிக் போட்டார். "பாத்தாச்சு. அடுத்தது." முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கயிறு, பிரேக், கதவு என்று வரிசையாகப் பார்த்து டிக் போட்டுக் கையெழுத்திட்டுப் போகிற கை அது. சரிபார்க்கவேண்டிய இயந்திரமாக ஊரே அவர்முன் நின்றது.

இரும்புத் தூண்கள் வைத்த பழைய சந்தைக் கட்டடத்தில் அவளுக்கு ஒரு கையுறைக் கடை பிடித்துப்போனது. கடைக்காரர் அளவு கேட்கவில்லை. அவள் கையை ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுக்கிலிருந்து ஒரு ஜோடியை உருவிக் கொடுத்தார். மெத்தென்ற தோல் விரல்விரலாக ஏறிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அண்ணன் குரல். "வா வா, எல்லாரும் ஏறிட்டாங்க." கையுறையை அவசரமாக உருவியதில் அது உட்புறம் வெளியே வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினாள். பேருந்தில் ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார்.

குன்றின் உச்சியிலும் அதே கதை. மொத்த ஊரும் கூரைகளாகக் கீழே கிடந்தது. அண்ணன் கம்பியில் கைவைத்து, இடமிருந்து வலமாக ஒரு பார்வை பார்த்தார். பெருக்கித் தள்ளியதுபோல. "பாத்தாச்சு."

பேருந்து குன்றிலிருந்து இறங்கும்போது அவளால் பொறுக்கமுடியவில்லை. "என்ன அவசரம் உனக்கு? இப்படிப் பாக்குறதுக்குக் கப்பல்லயே படுத்துக் கிடந்திருக்கலாம்."

"அவ எழுதினதைப் பாத்து முடிச்சிடணும். அவ்வளவுதான்."

"அப்ப நான் எதுக்கு? துணைக்கு வந்தவளா, இல்ல நீ டிக் போடற கட்டத்துல நானும் ஒண்ணா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்தபடியே பேசினார். முகத்தைத் திருப்பவில்லை.

"எட்டாவது மாடியில பன்னெண்டு நாள் கிடந்தா. நீ தரைத்தளத்துல வேலை பாத்துக்கிட்டு இருந்த. லிஃப்ட்ல ஏறினா நாப்பது செகண்ட். நான் எண்ணிப் பாத்திருக்கேன்."

அண்ணி கடைசியாகக் கிடந்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக டெலிபோன் ஆப்பரேட்டர் அவள். ஒரு நாளைக்கு ஐந்நூறு பேருக்கு வழிகாட்டும் குரல். அந்தக் குரலைத்தான் அண்ணி ஒன்பது வருடத்துக்கு முன், மகளின் நிச்சயதார்த்தத்தன்று, சமையலறையில் நாலு பேர் நடுவில் எடைபோட்டாள். "அவளுக்கென்ன, புருஷனா பிள்ளையா. ஹலோன்னு சொல்லி பட்டனை அமுக்கிட்டு வந்தா வேலை முடிஞ்சுது." எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்கு வெளியே காப்பித் தட்டோடு நின்றிருந்தவள் தட்டை வைத்துவிட்டு வந்தவள்தான். அதன்பிறகு அந்த வீட்டின் நல்லது கெட்டதற்கெல்லாம் போய் வாசலோடு திரும்பினாள். அண்ணி ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, "பாக்க வர்றேன்" என்று அண்ணனிடம் சொன்னாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள். பதிமூன்றாம் நாள் வெறும் கட்டில்.

விலங்குக் காப்பகத்தில் முதலில் ஒரு மரத்தடியில் நிறுத்தினார்கள். இலைகளுக்குள் ஓர் உரோம உருண்டை தூங்கிக்கொண்டிருந்தது. நாற்பது பேரும் அண்ணாந்து பார்க்க, அது பின்பக்கத்தை மட்டும் காட்டி மரியாதை செய்தது. பிறகு வெயில் காய்கிற ஒரு பெரிய பல்லி, பறக்கத் தெரியாத பழுப்பு நிறப் பறவை ஒன்று. ஐந்தாவது கட்டமும் நிரம்பியது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: கடற்கரைப் பென்குயின்கள்.

மரப்பலகை நடைபாதை புதர்கள் வழியே இறங்கிக் கடலோரம் போய் முடிந்தது. கம்பிக்கு அப்பால், மணலில் சின்னச் சின்ன மரப்பெட்டிகளைப் புதைத்து வைத்திருந்தார்கள், அவை கூடு கட்ட. பகலில் எல்லாம் கடலுக்குப் போய்விடுமாம். ஒன்றே ஒன்று மட்டும் ஒரு பெட்டியின் வாசலில் நின்றிருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. கிழிந்த தலையணைபோல உடம்பெல்லாம் இறகு பிய்ந்து தொங்க, காற்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போனது. ரப்பர் பூட்ஸ் போட்ட காப்பாளர் பெண்மணி ஏதோ விளக்கினார்.

"என்ன சொல்றாங்க?" அண்ணனுக்கு ஆங்கிலம் வேகமாக வந்தால் பிடிபடாது.

"இறகு உதிர்ற சமயமாம். புது இறகு முளைக்கிறவரைக்கும் தண்ணியில இறங்க முடியாது. இரையும் கிடையாது. ரெண்டு மூணு வாரம் பட்டினியா இப்படியேதான் நிக்குமாம். கிட்டப் போய் பயமுறுத்தக் கூடாதுங்கிறாங்க."

அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் படம் எடுத்தது, கலைந்தது, நினைவுப்பொருள் கடைக்குப் போனது. அவர் தாளை எடுக்கவில்லை. பேனாவையும் தொடவில்லை.

பேருந்து மூன்றரைக்கு. கப்பல் ஐந்துக்கு. மூன்று இருபதுக்கு அவள், "போலாமாண்ணா" என்றாள். காலையிலிருந்து அவளை விரட்டியவர் இப்போது அசையவில்லை. "நீ போய் உக்காரு, வர்றேன்." மூன்றரைக்கும் வரவில்லை. வழிகாட்டிப் பெண் தலைகளை எண்ணினாள். முப்பதாம் இருக்கை காலி. பத்து நிமிடம் பொறுத்தாள். அதற்குமேல் முடியாது, வராதவர்கள் தாங்களாகத்தான் துறைமுகம் சேரவேண்டும், கப்பல் யாருக்காகவும் நிற்காது என்று மிகுந்த மரியாதையோடு சொன்னாள். தங்கை கதவருகே எழுந்து போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கடைசியில் தன் கைப்பையையும், பக்கத்து இருக்கையில் கிடந்த அண்ணனின் தொப்பியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது.

நடைபாதையில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அண்ணன் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"பஸ் போயிடுச்சு," என்றாள், மூச்சிரைக்க.

"நீ ஏன் இறங்கின?"

"கேக்குறான் பாரு கேள்வி."

அண்ணன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இதுல டிக் போட்டுட்டா அவ சொன்ன வேலை எதுவும் பாக்கியில்ல குட்டி. அதுக்கப்புறம் நான் என்ன பண்றது?"

அவள் அவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தாள். இரும்பு சில்லென்றிருந்தது. பேருந்திலிருந்து இறங்கிய வேகத்திலேயே, நிறுத்தாமல் சொன்னாள்: "அண்ணி எனக்குப் போன் பண்ணினாங்க. ஆஸ்பத்திரியில இருந்தப்ப. தினமும் நாலு மணிக்கு."

"யாரு, அவளா?"

"ரூம் நம்பர் போர்டுல தெரியும். எண்ணூத்திப் பதினாலு. நான் 'ஆப்பரேட்டர்'னு சொல்லுவேன். 'மணி என்ன ஆச்சுங்க'ன்னு கேப்பாங்க. 'நாலுங்க'ம்பேன். 'நன்றிங்க'ன்னு வெச்சிடுவாங்க. என் குரல் அவங்களுக்கு அடையாளம் தெரியலன்னு நெனச்சேன். நானும் சொல்லல. அவ்வளவுதான், பதினோரு நாளும். கடைசி நாள் மட்டும் மணி கேட்டுட்டு வெக்கல. 'ஆப்பரேட்டர், நீங்க கப்பல்ல போயிருக்கீங்களா'ன்னாங்க. இல்லைங்கன்னேன். 'நல்லா இருக்குமாம், ஒரு தடவை போயிட்டு வாங்க'ன்னாங்க. அண்ணின்னு கூப்பிட வாய் வரைக்கும் வந்துச்சு. வேற லைன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. 'சரிங்க'ன்னு சொல்லிட்டு அதை எடுத்துட்டேன்."

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். "மணியா கேட்டா?"

"ஆமா. ரூம்ல கடிகாரம் இல்ல போலிருக்கு."

"இருந்துச்சே," என்றார். "கட்டிலுக்கு நேர் எதிர்ல. இவ்வளவு பெருசு. டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கழட்டுங்கன்னு நர்ஸ்கிட்ட நான் சண்டையே போட்டேன். அவதான் இருக்கட்டும்னா."

கடல் இரைந்தது. அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, யாரிடமோ வழி கேட்பவர்போலத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நாலு மணி ஆச்சுன்னா என்னை டீ வாங்கிட்டு வரச் சொல்லுவா. நானும் ஓடிப்போய் வாங்கிட்டு வருவேன். ஒரு நாள்கூட அதை அவ குடிச்சதில்ல."

பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாலு மணி. ஒவ்வொன்றாக அவள் காதில் திரும்ப வந்தது. மணி கேட்பதற்கு முன் அந்தப் பக்கம் இழுத்துவிட்ட மூச்சு, நன்றி சொன்னபிறகும் உடனே வைக்காமல் பிடித்திருந்த அந்த நொடி. ஐந்நூறு குரல்களை இனம் பிரித்தவளுக்கு இது கேட்கவில்லையே. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். அண்ணன் பார்க்காததுபோலப் பார்த்துவிட்டு, தன் கையை அவள் கைமேல் வைத்தார். கிரீஸ் ஏறி ஏறிக் கறுத்துப்போன அந்தப் பெரிய கை சூடாக இருந்தது.

"நான் மேல வந்திருக்கணும்ணா."

"ம்."

அவர் கையை எடுக்கவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள்.

காப்பாளர் பெண்மணி கதவுகளைப் பூட்டிக்கொண்டே வந்தவர், இவர்களைக் கண்டதும் திகைத்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். மீன் வாளிகளை நிரப்பத் துறைமுகத்துக் குளிர்பதனக் கிடங்குக்குத்தான் தானும் போகிறேன், ஓடிவாருங்கள் என்றார். மூன்று பேரும் ஓடினார்கள். அறுபத்துநாலு வயதில் அண்ணன் அவர்களுக்கு முன்னால் ஓடினார்.

வேனின் பின்பக்கம் இருக்கை கிடையாது. கவிழ்த்துப் போட்ட இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளில் உட்கார்ந்தார்கள். மீன் வாடை மூக்கைத் துளைத்தது. திருப்பங்களில் காலி வாளிகள் உருண்டு ஓட, ஆளுக்கு இரண்டைக் கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டார்கள். "அவ இந்த நாத்தத்துக்கு நேரா வாந்தி எடுத்திருப்பா," என்றார் அண்ணன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணீரும் சேர்ந்து வந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

துறைமுகத்துக்கு முந்தைய ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று முடிவே இல்லாமல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. காப்பாளர் பெண்மணி ஸ்டியரிங்கில் விரல்களால் தாளம் போட்டார். இருவரும் எழுந்து, முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவில் கப்பலின் வெள்ளை ஒரு கீற்றாகத் தெரிந்தது. மறைந்தது. மறுபடி தெரிந்தது.

"நிக்குதா, நகருதா?" என்றார் அண்ணன்.

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பெட்டிகள் ஓடின. அந்தப் பக்கமிருந்து நீளமாக ஒரு சங்கொலி எழுந்து, சக்கரங்களின் சத்தத்துக்குள் புகுந்து, அவர்கள் நின்றிருந்த தகரத்தை அதிரவைத்தது.

"தெரியலண்ணா," என்றாள். "இரு, இன்னொரு பெட்டி போகட்டும்."