சாக்பீஸ் வளையம்

கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம். அதற்குள் ஒரு சின்ன வளையம். வளையத்தின் ஓரத்தில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பொட்டு. வரைந்து முடித்த ஆசிரியை கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். மூக்குத்தி விளம்பரம் போல இருந்ததே தவிர, மலேரியாக் கிருமி போல இல்லை.

"பெரிய வட்டம் ரத்த அணு. உள்ள இருக்கறதுதான் கிருமி. மைக்ராஸ்கோப்ல பாக்கும்போது ரொம்பப் பொடிசா, மெல்லிசா இருக்கும். புரியுதா?"

"புரியுது மேடம்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. புரியாதபோது வகுப்புகள் அப்படித்தான் சொல்லும்.

முதல் பெஞ்சில் இருந்த மாணவிக்கு நத்தை என்று பட்டப்பெயர். எதையும் அவசரப்படாமல், அக்கறையாகச் செய்வாள். பலகையில் இருந்ததை அப்படியே பென்சிலால் வரைந்துகொண்டு கேட்டாள்: "மேடம், நிஜப் படத்த ஒரு தடவை காட்டுங்களேன்."

ஆசிரியையின் கண் சுவருக்குப் போனது. அங்கே ஒட்டியிருந்தது: 'எந்தப் புத்தகத்திலிருந்தும், இணையத்திலிருந்தும் ஒரு பக்கம்கூட நகல் எடுக்கவோ, திரையில் காட்டவோ கூடாது. மீறினால் வேலை நீக்கம். தாளாளர்.'

அது ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் டெக்னீஷியன்களை உருவாக்கும் பயிற்சி நிலையம். அங்கே படம்தான் பாடம். ஆனால் இருந்த பழைய ஸ்லைடுகள் சாயம் போய் வெளுத்துவிட்டன. கிருமிகளின் வண்ணப் படங்கள் உள்ள ஒரே புத்தகம் தாளாளரின் அறையில், அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. செல்போனில் தேடினால் கிடைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். பத்துப் படம் பத்து விதமாகக் கிடைக்கும். எது கிருமி, எது ஸ்லைடில் பூசும் சாயத்தின் துகள் என்று பெரிதாகத் திரையில் போட்டுச் சொல்லித்தர ஆள் வேண்டும். அதற்குத்தான் தடை.

தாளாளர் ஒன்றும் நேர்மையின் சிகரம் அல்ல. சில வருடங்களுக்கு முன்பு அதே புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை ஜெராக்ஸ் எடுத்து, பைண்டிங் போட்டு, 'தொகுத்தவர்: தாளாளர்' என்று தன் பெயரையும் அச்சடித்து மாணவர்களிடம் விற்றவர் அவர். வண்ணப் படங்களெல்லாம் கரி பூசினாற்போல வந்திருந்தன. விஷயம் பதிப்பகத்துக்குத் தெரிந்து, நோட்டீஸ் வந்து, மன்னிப்பும் அபராதமுமாக முடிந்தது. சூடு கண்ட பூனை அதற்குப் பிறகு அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை. போகிறவர்களையும் விடவில்லை.

அன்று மாலை ஆசிரியை அவர் அறைக்குப் போனார்.

"சார், அந்தப் புத்தகத்துல மலேரியாக் கிருமி இருக்கற ஒரு பக்கத்த மட்டும் திரையில போட்டுக் காட்டறேன். எழுதினவர் பேரையும் கீழ போட்டுடறேன்."

"நான் பட்டது போதாதா?"

"நீங்க முழுப் புத்தகத்த வித்தீங்க சார். வகுப்புல பாடம் நடத்த ஒரு பக்கத்தக் காட்டறதுக்குச் சட்டத்துலயே இடம் இருக்கு. என் தோழி வக்கீல். அவகிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்."

தாளாளரின் முகம் சிவந்தது. "சட்டமா உங்களுக்குச் சம்பளம் தருது? வேலை வேணும்னா வரைஞ்சு காட்டுங்க. உங்களுக்குத்தான் கை இருக்கே!"

ஆசிரியை வாயை மூடிக்கொண்டார். இந்த வேலை போனால் வேறு வேலை சுலபத்தில் கிடைக்காது. நமக்கேன் வம்பு என்று நினைத்தார். அந்த நினைப்பு எத்தனை வீடுகளில் விளக்கை அணைத்திருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

படிப்பு முடிந்து நத்தைக்கு ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. சந்தோஷமாக வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

ஆசிரியைக்கு ஒரே தம்பி. லாரி டிரைவர். அம்மா போன பிறகு அக்காதான் அவனை வளர்த்தார். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்கு வந்து, "என்னக்கா, இன்னிக்கு எத்தன பேர் ரத்தத்த உறிஞ்சின?" என்று கேட்டபடிதான் செருப்பைக் கழற்றுவான். அந்த முறை காட்டுவழியாக லோடு இறக்கிவிட்டு வந்தவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. குளிரில் பல் கிட்டிக்க, சோபாவில் சுருண்டு படுத்தான்.

நத்தை வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். ரத்தப் பரிசோதனையில் 'கிருமி இல்லை' என்று வந்தது.

"இன்னொரு லேப்ல பாத்துடலாமாக்கா? காய்ச்சல் விடவே மாட்டேங்குது" என்றான் தம்பி.

"வேண்டாண்டா. பாத்தது என் ஸ்டூடண்ட். அவ பாத்தா சரியா இருக்கும்" என்றார் அக்கா, பெருமையாக.

சாதாரணக் காய்ச்சலுக்கான மருந்தே தொடர்ந்தது. நாலைந்து நாளில் அவனுக்கு நினைவு தப்பியது. அக்காவையே யார் என்று கேட்டான். அப்புறம் கேட்கவும் இல்லை.

ஆசிரியை லேபுக்கு ஓடினார். "அந்த ஸ்லைட எடு!"

நத்தை எடுத்து வைத்தாள். ஆசிரியை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். ரத்த அணுக்களின் ஓரத்தில், மயிரிழை போன்ற வளையங்கள். சிலவற்றில் இரண்டிரண்டு. பார்த்த இடமெல்லாம் அவைதான்.

"இதெல்லாம் என்னன்னு நெனச்ச?"

"சாயத் துகள்னு நெனச்சேன் மேடம்." "நீங்க வரைஞ்ச மாதிரி தடிப்பா ஒண்ணுமே இல்லியே மேடம். ரொம்ப நேரம் தேடினேன். நிஜமா தேடினேன்."

அவளை அடிக்க ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அந்தத் தடித்த வளையத்தை வரைந்த கை அதுதான்.

உரிய மருந்தை ஏற்றினார்கள். ஆனால் கிருமி அதற்குள் மூளைக்குப் போயிருந்தது. மறுநாள் மதியம் தம்பி இறந்துபோனான். அக்கா அழக்கூட இல்லை. அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மீண்டும் வேலைக்கு வந்த அன்று ஆசிரியை நேரே தாளாளர் அறைக்குப் போனார். அலமாரிச் சாவி மேஜைமேல் இருந்தது. தாளாளர் பார்க்கப் பார்க்கவே திறந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். அந்தப் பக்கம் திரையில் விழுந்தது. அடியில் புத்தகத்தின் பெயரும் எழுதியவர் பெயரும். கடைசி பெஞ்சில் நத்தை உட்கார்ந்திருந்தாள். வேலையை விட்டுவிட்டு, மறுபடி படிக்க வந்திருந்தாள்.

தாளாளர் பின்னாலேயே வந்தார். "நிறுத்துங்க! என்ன பண்றீங்கன்னு தெரியுதா?"

"தெரியுது சார். அன்னிக்கும் தெரிஞ்சுது. தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டேன்." ஆசிரியை குரலை உயர்த்தவில்லை. "அடுத்தவன் உழைப்ப முழுசாச் சுருட்டி நம்ம பேரப் போட்டு விக்கறது திருட்டு. பாடம் சொல்லித்தர தேவையான அளவு எடுத்து, எழுதினவன் பேரச் சொல்லிக் காட்டறது திருட்டு இல்ல. அது படிப்பு. சட்டமே அதுக்கு வாசலத் திறந்து வெச்சிருக்கு. நீங்க எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தினீங்க. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஆசிரியை அடுத்த படத்தைத் திரையில் போட்டார். இது புத்தகப் படத்தைவிடத் தெளிவாக இருந்தது. அணு அணுவாக, வளையம் வளையமாக.

தாளாளர் கொஞ்சம் இறங்கிய குரலில் கேட்டார்: "இது எந்தப் புத்தகம்? இதுக்கு யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?"

"இது புத்தகத்துல இல்ல சார். என் தம்பியோட ரத்தம். அனுமதி குடுக்க அவன் இல்ல. அக்கா நான் குடுக்கறேன்." அவர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க."