நம்ம ஆள் அடித்த பந்து

டெக்ஸ்டர் ஹாலரனை வெறுப்பதில் ஏழாம் பகுதிக்கு ஆறு வருட அனுபவம் இருந்தது.

கூப்பர்ஸ் பேஸ்பால் அணியின் மைதானத்தில், இடது பக்க வேலிக்குப் பின்னால், கூரையில்லாத பெஞ்சுகள் போட்ட பகுதி அது. அங்கே வெர்னாவுக்குப் பதினான்காம் இடம். எதிரணிக்காக ஹாலரன் ஆட வரும்போதெல்லாம் அவள் தன் கையால் தைத்த ஆறடி ஊசி ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவாள். உள்ளே மெத்தைப் பஞ்சு, மேலே வெள்ளித் துணி, முனைக்கு ஒரு பழைய குடைக்கம்பி. ஹாலரன் மட்டையை ஓங்கினால் வெர்னா ஊசியை ஓங்குவாள். பகுதி முழுவதும் "குத்து! குத்து!" என்று தொண்டை கிழியக் கத்தும். ஒருமுறை அவள் படம் பேப்பரில்கூட வந்தது. அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவரின் கிளினிக்கில் அதை வெட்டி வரவேற்பறையில் ஒட்டினார்கள். வந்தவர்களெல்லாம் ஊசியைப் பார்த்து மிரண்டதால் இரண்டே நாளில் கிழித்துவிட்டார்கள்.

ஹாலரன் குற்றத்தை ஒப்புக்கொண்டவன்தான். நிருபர்கள் முன்னால் கைக்குட்டையோடு உட்கார்ந்து, மூன்று வருடம் ஊக்கமருந்து ஏற்றிக்கொண்டதாகச் சொல்லி அழுதான். ஏழாம் பகுதி அதற்கெல்லாம் இளகவில்லை. முன் வரிசையில் உட்காரும் பிளம்பர் லெஸ்டர் அப்போது சொன்னது: "அழுறதைப் பாரு! கண்ணீர்லயே மருந்து கலந்திருக்கும். கீழ விழுந்தா புல்லு ஆளுயரம் வளரும்."

அந்த ஹாலரனைத்தான் செவ்வாய்க்கிழமை கூப்பர்ஸ் அணியே வாங்கியது.

செவ்வாயன்று ஏழாம் பகுதி துக்கம் காத்தது. புதனன்று யோசித்தது. சனிக்கிழமை மதியம் ஆட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் எல்லோருக்கும் ஞானம் பிறந்துவிட்டது.

"ஒப்புக்கிட்டான்ல? எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்?" என்றான் லெஸ்டர். அவன் உடம்பில் ஹாலரன் பெயர் போட்ட புத்தம்புதுச் சட்டை. முதுகில் மடிப்புகூடக் கலையவில்லை.

"மருந்து கையைத்தான் பெருசாக்கும், கண்ணையா பெருசாக்கும்? பந்தைப் பார்த்து அடிக்கிறது அவன்தானே?" என்றாள் பக்கத்திலிருந்த ஐரீன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். "ஆறு வருஷமா அந்தப் பையனை நாம ரொம்பத்தான் படுத்திட்டோம்."

"பையனா? முப்பத்தஞ்சு வயசு!"

"எனக்குப் பையன்தான்."

வெர்னாவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஊசியைப் பிரித்து, பஞ்சையெல்லாம் எடுத்து, உட்காரும் மெத்தையாகத் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். இப்போது அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். கூப்பர்ஸ் முதலிடத்துக்கு இன்னும் ஒரே ஒரு வெற்றிதான் பாக்கி. பத்தொன்பது வருடமாக வராத முதலிடம். அதற்காகக் கொஞ்சம் மறதி வந்தால் என்ன?

ஆனால் அவள் மனம் ஆட்டத்தில் இல்லை. பதினைந்தாம் இடம் காலியாக இருந்தது.

பதினைந்தாம் இடம் காஸிமிருடையது. ஐம்பத்தெட்டு வயது, கல்யாணமாகாதவர், ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். பதினோரு வருடமாக இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி உட்காரத் தொடங்கியபோது வெர்னாவின் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காஸிமிர் மடியில் ஒரு நோட்டை விரித்து, பென்சிலால் ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொள்வார். ஹாலரன் அடித்தது எதுவானாலும் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் போடுவார். 'இது நம்பத்தக்கதல்ல' என்று பொருள். வெர்னாவுக்கு சாஸேஜ் ரொட்டியில் கடுகுச் சாந்து அதிகம் பிடிக்கும் என்று தெரிந்து தன் பொட்டலத்தையும் தருவார். மழை பெய்தால் தன் பிளாஸ்டிக் விரிப்பை அவள் பக்கம் இழுத்துவிடுவார். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடிந்துபோகும் பழக்கம் அது. குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து வரும், 'ஏப்ரலில் பார்ப்போம்' என்று எழுதி.

போன ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் முடிந்து எழும்போது அவர் காது சிவக்கச் சொன்னார்: "வர்ற சனிக்கிழமை மேட்ச் முடிஞ்சதும், வெர்னா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அப்புறம் ஒரு விஷயம் கேக்கணும்."

கேட்கப்போவது என்ன என்று ஏழாம் பகுதி முழுவதற்கும் தெரியும். வெர்னா வியாழக்கிழமை தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டாள். நீலச் சட்டை ஒன்று வாங்கினாள். பதிலைக் கண்ணாடி முன் நாலு விதமாகச் சொல்லியும் பார்த்தாள்.

இரண்டாவது இன்னிங்ஸ் நடக்கும்போது காஸிமிர் வந்தார். பதினோரு வருடத்தில் முதல் தாமதம். லெஸ்டரின் புதுச் சட்டையைப் பார்த்தார். வெர்னாவின் வெள்ளி மெத்தையைப் பார்த்தார். அது முன்பு என்னவாக இருந்தது என்று அவருக்குத் தெரியாதா?

"நீங்களுமா?" என்றார்.

"உட்கார வசதியா இருக்கு, காஸ்," என்றாள் அவள், பலவீனமாக.

அவர் உட்கார்ந்து நோட்டை விரித்தார். "இன்னிக்கு எனக்கு இங்க கடைசி மேட்ச். ஹாலரன் நம்ம டீம் சட்டையைப் போட்டிருக்கிற வரைக்கும் நான் இந்தப் பக்கம் வரப்போறதில்ல."

வெர்னா அவர் பக்கம் முழுக்கத் திரும்பினாள். "அப்ப... ஏதோ சொல்லணும்னீங்களே? கேக்கணும்னீங்களே?"

"அதையெல்லாம் இனிமே பேசி என்ன ஆகப்போகுது? ஏமாத்தினவனை நாலே நாள்ல மன்னிக்கிறவங்களும் இருக்காங்க. மன்னிக்க முடியாதவங்களும் இருக்காங்க."

"யோவ் காஸ்!" லெஸ்டர் முன்னாலிருந்து திரும்பினான். "போன ஆகஸ்ட்ல நம்ம எட்டாம் நம்பர்காரன் பந்துல மெழுகு தடவினப்ப உன் நோட்டுல நட்சத்திரம் போட்டியா?"

"போட்டேன். பக்கம் காட்டவா?"

"போட்டிருப்பான்யா," என்று முணுமுணுத்துவிட்டு லெஸ்டர் திரும்பிக்கொண்டான்.

ஆறாவது இன்னிங்ஸில் கூப்பர்ஸ் இரண்டு ரன் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் களத்தில் ஓடக் காத்திருந்தார்கள். ஹாலரன் மட்டையோடு வந்தான். ஏழாம் பகுதி எழுந்து நின்றது. "குத்து" என்று பழக்கதோஷத்தில் தொடங்கிய ஒருவனை ஐரீன் தலையில் தட்டி உட்காரவைத்தாள்.

மூன்றாவது பந்து. அடித்த சத்தத்திலேயே ஹோம் ரன் என்று தெரிந்துவிட்டது. பந்து உயர்ந்தது, வேலியைத் தாண்டியது, நேராக ஏழாம் பகுதிக்கு வந்தது. லெஸ்டர் எம்பினான். பந்து அவன் விரலில் பட்டு, வெர்னாவின் பீர்க் கோப்பையைக் கவிழ்த்து, காஸிமிரின் மடியில், நோட்டின் மேல் வந்து உட்கார்ந்தது.

பெஞ்சே குலுங்கியது. ஐரீன் யாரென்று தெரியாதவனையெல்லாம் முத்தமிட்டாள். "கொண்டா, பார்க்கலாம்! தொட்டுப் பார்க்கலாம்!" என்று பத்துக் கைகள் நீண்டன.

காஸிமிர் எழுந்தார். அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிரணி அடித்த ஹோம் ரன் பந்து பெஞ்சுக்கு வந்தால் யாரும் வைத்துக்கொள்ளக்கூடாது. 'உன் எச்சில் எங்களுக்கு வேண்டாம்' என்பதுபோல் களத்துக்கே திருப்பி எறிந்துவிட வேண்டும். காஸிமிர் கையைப் பின்னால் இழுத்தார்.

"காஸ், வேண்டாம்!" என்றாள் வெர்னா.

எறிந்தார். பந்து பச்சைப் புல்லில் இரண்டு குதி குதித்து நின்றது. தங்கள் அணியின் பந்து. மூன்று ரன் தந்து தங்களை முன்னிலைக்குக் கொண்டுவந்த பந்து.

ஏழாம் பகுதி மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. பிறகு ஆறு வருடமாக ஹாலரனுக்கென்று சேர்த்து வைத்திருந்த கூச்சல் மொத்தமும் காஸிமிர் தலையில் இறங்கியது.

"துரோகி!"

"நம்ம பந்துய்யா அது! நம்ம பந்து!"

"மூளைக்கு ஏதாவது மருந்து ஏத்திக்கிட்டியா?"

காவல் சட்டை போட்ட மார்ஜ் படியேறி வந்தாள். முப்பது வருடமாக அந்தப் பகுதியைக் கண்காணிப்பவள். "காஸிமிர், எந்திரிங்க. களத்துல பொருள் எறிஞ்சா வெளிய அனுப்பணும், அதான் விதி."

"மார்ஜ், பதினோரு வருஷத்துல நான் ஏழு பந்து எறிஞ்சிருக்கேன். ஒரு தடவை நீங்களே கை தட்டினீங்க."

"அதெல்லாம் எதிரி பந்து. அதை நான் பார்க்கல. இது நம்ம பந்து, பார்த்துட்டேன்."

அவர் நோட்டை மூடி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, படியிறங்கினார். வெர்னாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஒரு ரன் முன்னிலை. இன்னும் மூன்று இன்னிங்ஸ். பத்தொன்பது வருடம். வெர்னா களத்தைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். அவருடைய ஃபோன் நம்பர்கூடத் தன்னிடம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எழுந்து ஓடினாள்.

"வெர்னா! ஹாலரன் ஏழாவதுலயே திரும்ப வருவான்!" என்று லெஸ்டர் கத்தினான், நெருப்பில் குதிக்கப் போகிறவளைத் தடுப்பதுபோல.

கார் நிறுத்துமிடத்தில் வரிசை வரிசையாக இருபது நிமிடம் தேடி, கடைசி வரிசையில் அவரைப் பிடித்தாள். டிக்கெட் கிடைக்காதவர்கள் வண்டிகளின் பின்பக்கத்தைத் திறந்து வைத்து, அடுப்பில் சாஸேஜ் சுட்டபடி ரேடியோவில் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கியது அவளுக்கு. முடிச்சுருள் எல்லாம் அவிழ்ந்திருந்தது.

"நில்லுங்க! பதினோரு வருஷம் பக்கத்துல உட்கார்ந்துட்டு, ஒரு பந்துக்காக சொல்லாமக் கொள்ளாமப் போறீங்க? அவன் ஊசி போட்டா உங்களுக்கு என்ன வந்தது? உங்க கையிலயா போட்டான்?"

காஸிமிர் நின்றார். தன் ஷூவைப் பார்த்தார்.

"நானும் போட்டேன்," என்றார்.

"என்னத்தை?"

"ஊசி இல்ல. உடம்பை ஏத்துற பவுடர். எட்டு வருஷத்துக்கு முன்னாடி. அப்ப கடையிலயே வித்தாங்களே, பெரிய டப்பாவுல? எங்க சர்ச் டீமுக்கு நான் ஆடிட்டிருந்தேன். மூணு வாரம் காலையும் ராத்திரியும் பால்ல கலக்கிக் குடிச்சேன். முதுகு முழுக்கப் பரு வந்துச்சு. வேற ஒண்ணும் வரலைன்னு நினைச்சேன். லூத்தரன் சர்ச் டீமோட ஃபைனல்ஸ், கடைசிப் பந்து. அடிச்சேன் பாருங்க, வேலியைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, சலவைக்கடை ஜன்னல்ல போய் விழுந்துச்சு. அதுக்கு முன்னாடி என் ஆயுசுல ஒரு ஹோம் ரன் அடிச்சதில்ல வெர்னா. அதுக்கப்புறமும் இல்ல."

வெர்னா கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். 'ஒரு விஷயம் சொல்லணும்' என்றது இதுதானா? இந்த ஆறு நாளாக அவளுக்கு எங்கோ ஒஹாயோவில் அவருக்கு ஒரு மனைவி இருப்பது போலவெல்லாம் கனவு வந்திருந்தது.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஃபாதர்கிட்ட. பாவமன்னிப்புக் கூண்டுல. அவர்தான் எங்க கோச். மூணு ஜெபம் சொல்லச் சொன்னார். 'ஜெயிச்ச கோப்பையை என்ன செய்யறது ஃபாதர்?'னு கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், 'அதுக்காக லூத்தரன் சர்ச்காரங்க கையில கொண்டுபோய்க் கொடுக்கணுமா மகனே?'ன்னார். இன்னும் சர்ச் ஹால் கண்ணாடி அலமாரியிலதான் இருக்கு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பூசை முடிஞ்சு டோனட் எடுக்கப் போறப்ப அது என்னையே பார்க்குது."

வெர்னா சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. காரின் மேல் கையூன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். காஸிமிர் முகம் வாடி நின்றார்.

"அப்ப கேக்க வேண்டியதையும் கேளுங்க," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இதைக் கேட்டப்புறமுமா? ஏமாத்தினவன் நான்."

"இருந்தா இருந்துட்டுப் போகுது. நீங்க நம்ம ஆளு."

"அதான் தப்பு!" காஸிமிர் பென்சிலைப் பிடுங்கி ஆட்டினார். "லெஸ்டர் ஹாலரனைப் பத்தி இதையேதான் சொல்றான்! நம்ம ஆளுன்னா ஒரு நியாயம், அடுத்தவன்னா ஒரு நியாயமா?"

"லெஸ்டர் சொன்னா தப்புதான். நான் சொன்னா பேசாமக் கேட்டுக்கணும்."

"கொள்கைப்படி இது சரியில்ல."

"சரியில்லதான்."

"நான் லூத்தரன் சர்ச்சுக்கு ஒரு கடிதம் எழுதப்போறேன். உண்மையைச் சொல்லி."

"எழுதுங்க. நானும் கீழ கையெழுத்துப் போடறேன். எந்தக் குடும்பப் பேர்ல போடணும்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க."

காஸிமிரின் காது சிவந்தது. கழுத்து சிவந்தது. முட்டி போட முயன்றார். பாதி இறங்கியதும் முட்டி மறுத்துவிட்டது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாதி உயரத்திலேயே நின்று, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"பதினஞ்சாம் இடம்?" என்றாள் வெர்னா.

"விட மாட்டேன். அவன் மட்டை பிடிக்கிறப்ப மட்டும் போய் உங்களுக்கு பாப்கார்ன் வாங்கிட்டு வர்றேன்."

வெர்னா வாயைத் திறந்தாள். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்த நாலு பதிலில் எது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே மைதானத்துக்குள்ளிருந்து பெரும் இரைச்சல் எழுந்தது. அடுப்பருகில் நின்றவன் கரண்டியைக் காற்றில் வீசினான். "ஹாலரன்! இன்னொண்ணு! இன்னொண்ணு அடிச்சுட்டான்!"

வெர்னாவின் குதிகால்கள் தாமாகவே தரையை விட்டு எழுந்தன. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, காஸிமிரைப் பார்த்து, மெல்ல இறங்கினாள்.

அவர் பெருமூச்சு விட்டார். "கத்தணும்னா கத்துங்க வெர்னா. கத்திட்டு பதில் சொல்லுங்க. ரொம்ப நேரம் இப்படி நிக்க என் முட்டி தாங்காது."

அவள் கத்தினாள். சாஸேஜ் சுடுகிறவன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். பிறகு அந்தக் கைகளை இறக்கி அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டு, சரி என்றாள்.