வாசலுக்கு வந்த ரொட்டி

மனித குலத்தின் போக்கையே மாற்றப்போகும் நிகழ்ச்சி ஒன்று, புகாரா நகரத்துப் பள்ளியில், நான்காம் வகுப்பில், கணக்குப் பாடம் முடிந்ததும் நடைபெறும் என்று எஃப்ராயிம் மாமா அறிவித்தார். எங்கள் யூத ஜெபக்கூடக் கமிட்டியின் தலைவர் அவர். எங்கள் ஜனங்களில் பாதிக்கு மேல் வெளிநாடு போய்விட்டதால், உறுப்பினரும் அநேகமாக அவரேதான்.

நிகழ்ச்சி இதுதான்: அவர் தங்கை மகள் ஸில்பா, எங்கள் முன்னோர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் பெசாஹ் பண்டிகைக்கென்று புளிக்காத மாவில் தட்டையாகச் சுட்ட மாட்சா ரொட்டியையும் திராட்சை, வாதுமை அரைத்த விழுதையும் தோழிகளுக்குக் கொடுப்பாள். கூடவே, மாமா மனப்பாடம் செய்வித்த உரையையும் ஆற்றுவாள்.

உரை எகிப்தைவிட்டுக் கிளம்புவதற்குள் விழுது தீர்ந்துவிட்டது. கிராமத்திலிருந்து புதிதாகக் குடிவந்த நிகோரா மட்டும் ஒரு மாட்சாத் துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். தட்டையும் தானே கழுவித் தருவதாக வாங்கிப் போனாள்.

சாயங்காலம் தட்டோடு வந்து நின்றாள். தட்டு நிறைய, ஆவி பறக்கும் தந்தூர் ரொட்டி.

பண்டிகை முடிகிறவரை புளித்த மாவில் செய்த எதுவும் படி தாண்டக் கூடாது. அம்மா அதற்காக அலமாரியின் இடுக்கைக்கூட ஊசியால் கிளறியிருந்தாள். ஆனால் புகாராவில் நீட்டிய ரொட்டியை வேண்டாம் என்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். இத்தனை நாளில் ஸில்பாவுக்குக் கிடைத்த ஒரே நெருங்கிய தோழி நிகோராதான்.

"நில்லு! சட்டப்படி பாத்தா..." என்று மாமா ஆரம்பித்தார்.

"அண்ணே, உங்க சட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்குங்க. கதவுல காத்து வரட்டும்" என்றபடி அம்மா மஃப்ரத் வெளியே வந்தாள். பெசாஹுக்கென்றே பூட்டிவைத்து எடுக்கும் தட்டு அது. அதன்மேல் ரொட்டியைப் பார்த்து, இனி அது பண்டிகைக்கு ஆகாது என்று ஒரு பெருமூச்சை விழுங்கினாள். "நிகோரா கண்ணு, இந்தப் பண்டிகைல இதை நாங்க தொடக் கூடாதுடி. தட்டு உங்க வீட்டுலயே இருக்கட்டும். ரொட்டி ஆறுறதுக்குள்ள தெருவுல போறவங்களுக்கு நீயே குடுக்கிறியா?"

நிகோராவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. ஸில்பா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்று, "வாங்க வாங்க, சூடா இருக்கு! என் சிநேகிதி வீட்டு ரொட்டி!" என்று தெருவே அதிரக் கத்தினாள். நிகோரா சிரித்துவிட்டாள். சைக்கிள்காரர் ஒருவர் இறங்கினார். பூனைகூட வந்தது. ரொட்டி பறந்தது.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா மஃப்ரத்! ஒரு துண்டு மாட்சா! மூவாயிரம் வருஷத்து விடுதலைக் கதை அந்தக் குடும்பத்து மனசை அப்படியே உலுக்கிருச்சு!" நிகோராவிடம் குனிந்தார். "சொல்லும்மா, அதைச் சாப்பிட்டுட்டு உங்கம்மா என்ன சொன்னாங்க?"

"பாவம், அவங்க வீட்டுல மாவு கெட்டுப்போச்சுபோலன்னு சொன்னாங்க மாமா."