முன்கால் நிபுணர்

அமெரிக்காவின் ஒமாஹாவில், பேஸ்பால் போன்ற சாஃப்ட்பால் ஆடும் எங்கள் வார இறுதி அணியின் முன்கால் நிபுணர் நான்தான். யாரும் நியமிக்கவில்லை, மூன்று வீடியோ பார்த்திருந்தேன். "மட்டையை வீசும்போது முன்காலை நாற்பத்தைந்து டிகிரியில் ஊன்றுங்க, முழங்காலை இறுக்குங்க, இடுப்பு முதல்ல திரும்பட்டும்" என்று சீசன் முழுக்க எல்லோர் உயிரையும் வாங்கினேன்.

கடைசி ஆட்டத்தில் ஒரு ரன் எடுத்தால் சமன். சமனானாலே கடைசி இடத்திலிருந்து தப்பிவிடுவோம். ஏற்கெனவே இரண்டு அவுட், மூன்றாவது பேஸில் எங்கள் அணியின் டார்லீன், மட்டையோடு நான். பந்தை அடித்துவிட்டு, அது வந்து சேரும் முன் நான் முதல் பேஸை எட்டினால்தான் டார்லீன் எடுக்கும் ரன் கணக்கில் சேரும்.

பந்து வந்தது. முன்கால் அச்சாக இறங்கியது, இடுப்பு சுழன்றது, பந்து மைதானத்தின் வலதுகோடியில் தரையில் குத்தி ஓடியது. நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். என்ன கோணம்! ஒருவராவது படம் எடுத்தார்களா?

"யோவ், காலை ரசிச்சது போதும், ஓடுய்யா!" என்று ஹோம் பேஸை மிதித்தபடியே டார்லீன் கத்தினாள்.

ஓடினேன். வலதுகோடியிலிருந்து எறிந்த பந்து எனக்கு முன்பே முதல் பேஸுக்குப் போய்விட்டது. நான் மூன்றாவது அவுட், ஆட்டம் முடிந்தது. விதிப்படி டார்லீனின் ரன்னும் செல்லாது, கடைசி இடம் எங்களுக்கே.

பெஞ்சுக்குத் திரும்பினேன். எங்கள் அணியின் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கிளைட் என் காலைக் காட்டிக் கேட்டான்.

"மாஸ்டர், அந்தக் கால் ஓடவும் செய்யுமாமே?"

ஓடுவதற்கும் ஒரு கோணம் உண்டு என்று ஆரம்பித்தேன். அத்தனை பேரும் கார்களை நோக்கி நடந்தார்கள்.