அக்டோபர் பீப்பாய்

மார்லீனுக்கு எழுபது வயது ஆகப்போகிறது என்று டார்லா போனில் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "கேக் யாரு செய்யறா?" என்றுதான்.

"கேக்கை அவ பொண்ணு பாத்துக்குவா. நாம ரெண்டு பேரும் சேர்ந்து நல்ல போர்பன் விஸ்கியா ஒண்ணு வாங்கிக் கொடுப்போம் ரீட்டா. தினம் ஊத்திக் குடிக்கிற ரகம் இல்ல. பாத்தாலே வாயைப் பொளக்கணும்."

நாங்கள் மூவரும் லாரன்ஸ்பர்க்கில் பிறந்தவர்கள். ஒகையோ ஆற்றுக்கு இந்தப் பக்கம், இண்டியானா. பள்ளி முடித்த கோடையிலேயே ஊரின் பெரிய விஸ்கி வடிசாலையில், பாட்டில் நிரப்பும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்கு மூடி, டார்லாவுக்கு அட்டைப்பெட்டி, மார்லீனுக்கு லேபிள். இயந்திரம் கோணலாக ஒட்டிவிட்டால் பசை காய்வதற்குள் கட்டைவிரலால் தள்ளி நேராக்குவாள். பாட்டில்கள் இடித்துக்கொண்டு வரும் சத்தத்தில் காது எதற்கும் உதவாது. உதட்டைப் பார்த்தே பேசப் பழகிக்கொண்டோம். இன்றைக்கும் பாதிரியார் பிரசங்கத்தை நீட்டினால் நாங்கள் சத்தமே இல்லாமல் ஊர்வம்பு பேசுவோம்.

வெர்லின் என்றொருவன் வடிக்கும் கட்டடத்தில் இருந்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வருவான். அவன் வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். வேகவைத்த மக்காச்சோளம், புளித்த மாவு, ஈரச் சாக்கு எல்லாம் கலந்த வாசனை. "கல்யாணம் பண்ணிக்கிட்டா இந்த நாத்தத்தோட படுக்கணும்டி" என்று டார்லா உதட்டால் சொல்வாள். மார்லீன் சிரித்துக்கொண்டே லேபிளைத் தள்ளுவாள். அவனையேதான் கட்டிக்கொண்டாள்.

பிறகு எங்கள் கூடத்தை மூடினார்கள். டார்லா சூதாட்ட விடுதியில் சேர்ந்தாள், நான் பள்ளிச் சமையலறைக்குப் போனேன். வெர்லின் மட்டும் கடைசிவரை வடிசாலையிலேயே இருந்தான். ஒரு ஏப்ரலில் வீட்டு முன்னால் புல் வெட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. அது நடந்து பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பரிசு வாங்க ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, போர்பனுக்குப் பேர்போன கென்டக்கிக்குப் போனோம். கடைக்காரர் லோவல் பருத்த மனிதர், நிதானமாகப் பேசுபவர். விஷயத்தைச் சொன்னதும் மேல் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை இறக்கினார். கனமான கண்ணாடி, மர மூடி, லேபிளில் குதிரை, பக்கத்தில் தாடி வைத்த ஒரு கிழவர். ஐந்து தலைமுறைக் குடும்பச் செய்முறை, பன்னிரண்டு ஆண்டு முதிர்ந்தது என்று தங்க எழுத்து.

டார்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைத் திருப்பினாள். பிறகு கடையே அதிரும்படி சிரித்தாள்.

"ஏய், இங்க படி. கீழ, மூலையில."

எறும்பு படிக்கிற எழுத்தில் இருந்தது: இண்டியானாவில் வடித்தது.

"நம்ம ஊரு சரக்குடி! இந்தத் தாடிக்காரன் நம்மூர்ப் பக்கம் எப்ப வந்தான்?"

லோவலும் சிரித்தார். "வேற மாநிலத்துல வடிச்சா மாநிலத்துப் பேரைப் போட்டாகணும், சட்டம். ஊரு, வடிசாலை எல்லாம் போடணும்னு கட்டாயம் இல்லம்மா. வாங்குறவங்களும் தாடியைப் பாத்துட்டுப் போயிடறாங்க."

"நாங்க அங்க வேலை பாக்கும்போதே இப்படித்தான்" என்றேன். "காலையில லேபிள்ல ஒரு கர்னல், மதியம் ஒரு தாத்தா. ஒரே தொட்டியிலேர்ந்துதான் எல்லாருக்கும் வரும்."

"அந்தக் கெழவனுங்க வம்சத்தையே நாமதான் பெத்துப் போட்டோம்" என்றாள் டார்லா.

சிரித்து ஓய்ந்தபோதுதான் அந்தப் பன்னிரண்டு என் கண்ணில் மறுபடி பட்டது. வெர்லின் உயிரோடு இருந்தபோது வடித்ததாக இருக்கலாம். அவன் போன பிறகு வடித்ததாகவும் இருக்கலாம். டார்லாவைப் பார்த்து 'வெர்லின்' என்று உதட்டை அசைத்தேன். அவள் சிரிப்பு நின்றது.

"இது எந்த மாசம் வடிச்சதுன்னு தெரியுமா?" என்று லோவலிடம் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் உடனே அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டார். ஒரு பெண் மிகவும் மரியாதையாக, யாரிடம் வாங்கினோம், எப்போது வடித்தது என்பதையெல்லாம் வெளியே சொல்வதில்லை என்று ஒப்பந்தம் இருக்கிறது என்றாள். லோவல் போனை வைத்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"மறைக்காம எழுதறவங்களும் இருக்காங்க. கொஞ்சம் இருங்க."

உள்ளே போய் வேறொரு பாட்டிலோடு வந்தார். வெள்ளைக் காகிதம், கறுப்பு எழுத்து, படம் கிடையாது. நாங்கள் வடிக்கவில்லை, வாங்கி நிரப்புகிறோம் என்பதுதான் முதல் வரி. லாரன்ஸ்பர்க், இண்டியானாவில் வடித்தது. மக்காச்சோளம் இவ்வளவு, ரை தானியம் இவ்வளவு. பீப்பாயில் அடைத்தது அக்டோபர் 2009.

வெர்லின் போவதற்கு முந்தின இலையுதிர் காலம்.

டார்லா அதை எட்ட வைத்துப் பார்த்தாள். "இதைப் போய் எழுபதாவது பிறந்தநாளைக்குக் கொடுக்கறதா? இருமல் மருந்து மாதிரி இருக்கு."

"தேதியைப் பாருடி."

"பாத்தேன். அவளை அழவைக்கவா பரிசு வாங்கறோம்?"

வண்டி நிறுத்துமிடம்வரை சண்டை போட்டோம். கடைசியில் அவள் தாடிக்காரனை வாங்கினாள், நான் வெள்ளைக் காகிதத்தை வாங்கினேன். திரும்பும் வழியெல்லாம் ஆளுக்கொரு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மார்லீன் வீடு பீப்பாய்க் கிடங்குகளுக்குப் பக்கத்துத் தெருவில். கிடங்கிலிருந்து ஆவியாகும் சாராயத்தைத் தின்று வளரும் கறுப்புப் பூஞ்சை அந்தத் தெருச் சுவர்களிலும் மரங்களிலும் அப்பிக்கிடக்கும். வெர்லின் இருந்தவரை வருடத்துக்கு ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவுவான். இப்போது யாரும் கழுவுவதில்லை.

வறுத்த கோழியும் கேக்கும் முடிந்த பிறகு பரிசுகளைப் பிரித்தாள். தாடிக்காரனைப் பார்த்ததும், "அடடா, இவனுக்கும் நான் லேபிள் தள்ளியிருப்பேன் போல" என்றாள். டார்லா என்னைப் பார்த்து ஜெயித்துவிட்ட மாதிரி புருவத்தை உயர்த்தினாள்.

அடுத்து என்னுடையது. கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தேதிக்கு வந்ததும் அவள் கட்டைவிரல் லேபிளின் ஓரத்துக்குப் போய், அங்கேயே நின்றது. டார்லா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

வெர்லின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள், திறக்கவே மாட்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் "க்ளாஸ் எடுத்துட்டு வாங்கடி" என்று சொல்லி அங்கேயே மூடியைத் திருகினாள்.

ஊற்றி, மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தாள். வெனிலா, கருகிய சர்க்கரை, பழைய மரம். நல்ல வாசனை.

"இது அவன் இல்ல" என்றாள்.

நான் என் க்ளாஸைக் கீழே வைத்தேன்.

"இவ்வளவு வாசனையா அவன் என்னைக்கு இருந்தான்? கதவைத் திறந்தா பன்றிக்கு வைக்கிற கஞ்சி மாதிரி நாறுவான். குளிச்சிட்டு வந்து தொடுன்னு நாப்பது வருஷம் கத்தினேன்." சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு அழுகையானது, பிறகு மறுபடி சிரிப்பே வந்தது. டார்லா ஜன்னலிலிருந்து ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "நான் அப்பவே சொன்னேன்ல, நாத்தத்தோட படுக்கணும்னு!"

அன்று பொழுது சாயும்வரை மூவரும் குடித்தோம். இரண்டு பாட்டிலையும் மாற்றி மாற்றி ஊற்றி, எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லப் பார்த்தோம். ஒருத்திக்கும் சரியாக வரவில்லை. யாராவது கூட்டத்தில் அதிகம் பேசினால் பழையபடி உதட்டால் திட்டிக்கொண்டோம். மார்லீனின் மகள், "மூணு பேரும் மீன் மாதிரி வாயை வாயை அசைக்கறீங்களே, பயமா இருக்கு" என்றாள்.

தவக்காலத்தில் தேவாலயத்து மீன் விருந்துக்கு மார்லீன் அக்டோபர் பாட்டிலில் மீதி இருந்ததை எடுத்துப்போய், வெர்லினோடு வேலை பார்த்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாய் கொடுத்துத் தீர்த்துவிட்டாள். மறுநாள் எனக்குப் போன் செய்தாள்.

"அதே பாட்டில் இன்னொண்ணு கிடைக்குமா?"

லோவலிடம் கேட்டேன். அந்தப் பீப்பாய் தீர்ந்துவிட்டது, இனி வராது என்றார். அவளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அக்டோபர் போனா போகட்டும்" என்றாள் மார்லீன். "நவம்பர் இருக்கா, ஜனவரி இருக்கான்னு கேளு. மார்ச் கடைசி வரைக்கும் அவன் வேலைக்குப் போனான்டி."

ஒரு பிப்ரவரிப் பீப்பாய் இருந்தது. இந்த முறை பணத்தை டார்லா கொடுத்தாள், இருமல் மருந்து என்று ஒரு வார்த்தை சொல்லாமல்.